வரலாற்றுப் பாடத்தைக் கவிதையாகச் சொல்ல வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
தரம் 11க்கு வரலாறு படிப்பிக்கிறேன். பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை வரும் இடத்தில், பிள்ளைகளைக் கவிதை எழுதி வகுப்பின் முன் நின்று சொல்ல வைக்கலாம் என்று யோசனை. பாதிப் பேரின் குடும்பம் ஹற்றன், பதுளைப் பக்கம். மற்றவர்கள் யாழ்ப்பாணம், புத்தளம், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். போன தவணை எழுதி வந்ததெல்லாம் 'விழித்தெழு தமிழா' ரகம். கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை. சொல்வதும் தமிழ்த்தினப் போட்டிப் பாவோதல் மாதிரியே, கையை விரித்து, கடைசிச் சொல்லை இழுத்து. ஒரு பாடவேளை 40 நிமிடம்தான். என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை வாசகன்:
வெளியிலிருந்து ஒரு கவிஞரைக் கூப்பிட்டு ஒரு கவியரங்கு வையுங்கள். தமிழ்ச்சங்க நூலகத்தில் மலையக நாட்டார் பாடல் தொகுப்பு ஏதாவது கிடைக்குமா என்றும் பாருங்கள்.

பென்சன் வாத்தியார்:
கவியரங்கு வைத்தால் 'விழித்தெழு' இன்னும் கூடும்.

டீச்சர், தலைப்பைக் கொடுக்காதீர்கள், ஆளைக் கொடுங்கள். 'மலையக மக்களின் துயரம்' என்றால் எந்தப் பிள்ளையும் பொதுவாகத்தான் அழும். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, இடுப்பில் குழந்தையோடு மாத்தளைப் பக்கம் நடக்கிற ஒரு பெண் என்று கொடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடத்தில், பேர் போடுகிற கணக்கப்பிள்ளை. யார் பேசுகிறார், யாரிடம், எந்த ஆண்டு? இந்த மூன்றும் தெரியாமல் பேனையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுவேன்.

ஆண்டு என்று வந்தால் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். 1850 என்றால் அவள் போவது கோப்பித் தோட்டத்துக்கு. கண்டிப் பக்கம் லூல்கந்தரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். கோப்பியை இலைநோய் தின்று தீர்த்தது அதற்கும் பிறகு. 1914க்குப் பின் வருகிறவள் என்றால் தலைமன்னாரில் கோச்சி ஏறியிருப்பாள், காட்டுவழி நடை கிடையாது. என் வகுப்பில் ஒரு பையன் 1850இலேயே கொழுந்து பறிக்கப் போய்விட்டான். பின்வாங்கிலிருந்து "சேர், தேயிலை இன்னும் வரேல்ல!" என்று சத்தம். நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை.

இந்திய வம்சாவளியினர் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று இரண்டு அரசும் பங்கிட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் இப்படித்தான் செய்தோம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரின் கதையைப் பிறகு பேசுவோம். பிள்ளைகள் பாடமாக்குவார்கள், பரீட்சை முடிந்ததும் மறப்பார்கள். அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று பிரிந்த ஒரு வீட்டில் நின்று பேசச் சொன்னேன். ஒரு பிள்ளை எழுதியது:

ட்ரங்குப் பெட்டி ஒண்ணுதாண்ணே
யாருக்குன்னு பிரிப்ப?
ஒனக்குக் கப்பல், எனக்குக் கொழுந்து
அம்மா எங்க இருப்பா?

அவள் இதைக் கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வாங்கில் இருப்பவளோடு கதைக்கிற மாதிரிச் சொன்னாள். மேடைக் குரல் தானாகவே போய்விட்டது. வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதட்டும், எழுத்துத் தமிழுக்குத் தமிழ்ப் பாடம் இருக்கிறது. நேரம் போதாதென்றால் ஆளுக்கு எட்டு வரி, அதற்கு மேல் விடாதீர்கள்.

பதுளைப் பிள்ளை:
சேர் சொன்னது சரி. நான் அந்தப் பக்கத்தவள், கொழும்பில் படித்தவள், அதனால் ஒன்று சொல்கிறேன். "உங்க அப்பாயியிடம் கேட்டுவா" என்று வகுப்பில் வைத்து யாருக்கும் சொல்லாதீர்கள். தங்களுடையது லயத்து வீடு, தோட்டத்து வரிசை வீடு, என்பதைக் கூட்டாளிகளிடம் சொல்லாமல் மறைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நானும் மறைத்தேன். கவிதையில் பேச வேண்டிய ஆட்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். யாழ்ப்பாணப் பிள்ளைக்குக் கொழுந்துக்காரி வரட்டும், தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்தை நடத்துகிற துரை வரட்டும். வீட்டில் தாலாட்டோ ஒப்பாரியோ தெரிந்தவர்கள் இருந்தால் விருப்பமுள்ள பிள்ளை தானாகப் போனில் பதிந்துகொண்டு வரும்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:
சீட்டுக் குலுக்கல் நல்ல யோசனை, அடுத்த கிழமையே செய்கிறேன். இன்னொன்று, புத்தளத்துப் பிள்ளை ஒன்று 1990 பற்றி எழுதலாமா என்று கேட்கிறாள். மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். பாடத்துக்கு வெளியே போகிறதே?

பென்சன் வாத்தியார்:
அவளாகக் கேட்டால் விடுங்கள். அவளுக்கும் அதே மூன்று கேள்விதான்: யார், யாரிடம், எப்போது. வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியது 1990 ஒக்டோபரில், அதை வகுப்புக்கு நீங்களே இரண்டு வரியில் முதலில் சொல்லிவிடுங்கள், அவள் விளக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. அப்புறம், அதிபரின் காதிலும் முன்கூட்டியே போட்டுவையுங்கள்.