மறு: கராவோகே கையேடு – ‘குரல் நீக்கி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பதிவுசெய்த இசைக்கு நாமே பாட உதவும் கராவோகே பெட்டியின் கையேட்டுக்குத் தமிழ்ச்சொல் பட்டியல் போடும் இந்த மடல் இழையில், முக்கால்வாசி மடல்கள் கராவோகே என்ற பெயருக்கே செலவாகிவிட்டன. அதை முதலில் முடித்துவிடலாம்.

> ‘கரா’ வெறுமை, ‘ஓகே’ ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். ஆகவே ‘வெற்றிசை’.

ஐயா, வேர் விளக்கம் சரி. ஆனால் வெற்றிசை என்று எழுதினால் படிப்பவர் ‘வெற்றி இசை’ என்றுதான் பிரிப்பார். ஜப்பானில் 1967இல் ஷிகெயிச்சி நெகிஷி செய்த பெட்டி ‘ஸ்பார்கோ பாக்ஸ்’. 1971இல் டைசுகே இனோவே செய்தது ‘8 ஜூக்’. செய்தவர்கள் வைத்த பெயர்கள் போய், ஊர் வாயில் நின்ற பெயர்தான் உலகம் சுற்றியது. கராவோகே அப்படியே இருக்கட்டும். கையேட்டோடு பெட்டிமுன் உட்காருபவர் தடுமாறப்போவது பொத்தான்களில்தான்.

எனக்குப் பெரிய உறுத்தல், பாட்டில் பாடகர் குரலை அடக்கும் பொத்தானுக்கு முன்மொழிந்த ‘குரல் நீக்கி’. சாதாரணப் பாட்டு சிடியைப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால் குரல் போய்விடும் என்று சொல்லே உறுதி கொடுத்துவிடுகிறது. கருவிக்கு எது குரல், எது குழல் என்று தெரியாது. இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழிக்கிறது, அவ்வளவுதான். இரண்டிலும் ஒரே அளவில் இருப்பது கழிந்துபோகும். பாடகர் குரலை வழக்கமாக நடுவில் வைத்துக் கலப்பதால் அது மங்குகிறது. கூடவே நடுவில் இருக்கும் பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் காணாமல் போகின்றன. குரலோடு சேர்த்த எதிரொலியோ இரு பக்கமும் வேறுவேறாகப் பரவியிருப்பதால், பாடகர் பக்கத்து அறையிலிருந்து பாடுவது போல மிச்சமிருக்கும். ‘நடுவொலி நீக்கம்’ என்று வைத்தால், பாட்டு ஏன் சப்பென்று ஆனது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிலேயே இருக்கும்.

அடுத்து, பாட்டு ஓடும்போதே அதன் வரிகளைத் திரையில் காட்டும் சிடிஜி (CD+G) தகடு. ‘வரைகலைக் குறுந்தகடு’ என்ற முன்மொழிவு எழுத்துக்கு எழுத்து சரி, ஆனால் படம் பார்க்கும் தகடு என்று தோன்றும். திரையில் வருவது பாட்டு வரி. ‘வரித்தகடு’ போதுமே? வருமான வரி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் கேலி செய்திருந்தார். கராவோகே கையேட்டில் அந்த வரி எங்கே வரப்போகிறது!

இந்தத் தகட்டுக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் பராமரிப்பு. பாட்டு வரிகள் சிடியில் இசைத் தரவோடு கூடவே வரும் துணைத்தடத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இசைத் தரவுக்கு இருக்கும் வலுவான பிழைத்திருத்தம் அவற்றுக்குக் கிடையாது. அதனால் தகட்டில் விரல்ரேகை பட்டால் பாட்டு ஒழுங்காக ஓடும்போதே எழுத்து சிதறும். திரை 6 புள்ளி அகலம், 12 புள்ளி உயரமுள்ள சிறு கட்டங்களாக நிரப்பப்படுகிறது; ஒரு கட்டம் தவறாக வந்தால் அதன்மேல் வேறு எழுதும்வரை, அல்லது திரை மொத்தமாக அழியும்வரை அங்கேயே நிற்கும். டிவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் தகட்டைத் துடைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும்.

கையேட்டு வரைவின் பராமரிப்புப் பத்தியில் ‘ஆரவாக்கில் துடைக்கவும்’ என்று இருக்கிறது. கணக்கு வாத்தியாருக்குப் புரியும். ‘நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவும்’ என்று மாற்றலாம். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு கூடவே ஓடி நீளமான பகுதியைக் கெடுக்கும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் தொடும்.

‘மேற்புறம், கீழ்ப்புறம்’ என்பதும் வேண்டாம், கையில் எடுத்தால் இரண்டும் மாறிவிடும். ‘அச்சுப்பக்கம், மின்னும் பக்கம்’ என்போம். மின்னும் பக்கத்தை எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். உண்மையில் உலோகப் படலம் அச்சுப்பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. மறுபக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல். அச்சுப்பக்கம் ஆழக் கீறினால் தரவே உரிந்துபோகும், மெருகேற்றியும் மீட்க முடியாது.

மற்றவை சிக்கலில்லை: கீ கன்ட்ரோலுக்கு ‘சுருதி மாற்றம்’, எக்கோவுக்கு ‘எதிரொலி’. மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகக் காட்டினால் வரும் கீச்சுக்கு ‘பின்னூட்ட ஒலி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ‘மைக் ஊளை’தான் பிடித்திருக்கிறது.

~~~

> நடுவொலி நீக்கம் என்று வைத்தால்…

அம்மா, வரித்தகடு எனக்குச் சம்மதம். ஆனால் குரல் நீக்கத்தை மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டாம். மல்டிப்ளெக்ஸ் வகைத் தகடுகளில் ஒரு பக்கம் வெறும் இசை, மறுபக்கம் வழிகாட்டும் குரலோடு இசை. அங்கே பொத்தானை அழுத்தினால் குரல் பக்கத்தை விட்டுவிட்டு இசைப் பக்கத்தை மட்டும் இரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும். குரல் சுத்தமாகப் போய்விடும், பேஸும் குறையாது. அதுவும் நடுவொலி நீக்கம் என்றால் தப்பாகிவிடுமே?

~~~

நியாயம்தான் ஐயா. அப்படியானால் இரண்டு பதிவு: மல்டிப்ளெக்ஸுக்குக் ‘குரல் நீக்கம்’, சாதாரண சிடிக்கு ‘நடுவொலி நீக்கம்’. பொத்தான் ஒன்றேயான கருவிகளில் மேலே என்ன அச்சிடுவது? ‘குரல் குறைப்பு’ இரண்டுக்கும் பொய்யாகாது என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.