பெல்ஃபாஸ்டில் படிவம் கேட்ட கேள்வி

மதம்தான் போருக்குக் காரணமா, இல்லை அது வெறும் சாக்கா என்று கேட்டிருந்தீர்கள். செவிலியராக நான் வேலை பார்த்த வட அயர்லாந்தை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். 1960-களின் கடைசியிலிருந்து 1998-இல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற அமைதி உடன்பாடு வரும்வரை அங்கே சுமார் 3,500 பேர் செத்தார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சண்டை என்றுதான் வெளியே பேர்.

தலைநகர் பெல்ஃபாஸ்டில் வேலைக்கு விண்ணப்பித்தபோது ஒரு படிவம் தந்தார்கள். வேலை கொடுப்பதில் பாரபட்சம் நடக்கிறதா என்று பார்க்க, சட்டப்படி வாங்குகிற படிவம். புராட்டஸ்டன்ட் சமூகம், ரோமன் கத்தோலிக்க சமூகம், இரண்டும் இல்லை என்று மூன்று கட்டங்கள். நீங்கள் மதத்தைக் கடைப்பிடிக்கிறீர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை என்ற தொனியில் மேலே ஒரு குறிப்பு. நான் மூன்றாவதில் டிக் போட்டேன். உடன் வேலை பார்த்த ஒருவர் நாத்திகர். படிவத்தைக் காலியாக விட்டாலும், எந்தத் தொடக்கப் பள்ளியில் படித்தோம் என்பதை வைத்து நிறுவனமே ஒரு பக்கத்தில் சேர்த்துவிடலாம் என்றார். நம் ஊரில் சாதி ஒருவரின் நம்பிக்கையைக் கேட்காமல் பிறப்பை மட்டும் பார்க்கிற மாதிரிதான் இதுவும் என்று அப்போது பட்டது.

அங்கே ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டேன். கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் ரோடு பக்கம், பாம்பே தெரு என்று ஒரு சின்னத் தெரு, அங்கே இருந்தவர். 1969 ஆகஸ்டில் அந்தத் தெரு வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். இப்போது வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி உயரமான சுவர் நிற்கிறது. சுவருக்கு அப்பால் உள்ள புராட்டஸ்டன்ட் பக்கத்திலிருந்து கல் விழாமல் இருக்க, கொல்லைக்கு மேலே கம்பி வலைக் கூண்டு போட்டிருக்கிறார்கள். துணி காய்வதும் அந்தக் கூண்டுக்குள்தான். “தீ வைக்க வந்தவன் நான் மாதாவைக் கும்பிடுகிறேனா என்று கேட்கவில்லையம்மா. நான் எந்தத் தெரு என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்” என்றார் பாட்டி.

அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1960-களில் அங்கே உள்ளாட்சித் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொந்த வீடோ வாடகை வீடோ தன் பேரில் இருந்தவருக்கும் அவர் துணைக்கும்தான் ஓட்டு. அப்பா வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைக்கு இல்லை, உள்வாடகைக்கு இருப்பவருக்கும் இல்லை. ஆகவே அரசு வீடு ஒன்றை யாருக்கு ஒதுக்குகிறார்களோ அவருக்கு ஓட்டும் சேர்ந்து போகும். டெர்ரி நகரில் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை. ஆனால் வார்டு எல்லைகளை வகுத்த விதத்தால் நகராட்சி யூனியனிஸ்டுகள் கையிலேயே இருந்தது; பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறவர்கள் அவர்கள், பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள். 1968 ஜூனில் கேலடன் கிராமத்தில், குழந்தைகளோடு வீட்டுக்குக் காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாண்டி, கல்யாணமாகாத 19 வயது புராட்டஸ்டன்ட் பெண்ணுக்கு ஒரு வீடு போனது. ஆஸ்டின் கரி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்து போராடினார். அந்த ஆண்டின் சிவில் உரிமைப் பேரணிகள் முக்கியமாக வீட்டையும் ஓட்டையும் வேலையையும்தான் கேட்டன.

அதற்கும் முன்னால், 1932 அக்டோபரில் பெல்ஃபாஸ்டில் வேலையில்லாதவர்களுக்கான நிவாரணக் கூலி போதாமல் வேலைநிறுத்தம் நடந்தபோது கத்தோலிக்கரின் ஃபால்ஸ் ரோடும் புராட்டஸ்டன்டுகளின் ஷாங்கில் ரோடும் ஒன்றாகத் தெருவில் இறங்கின. மூன்று வருடத்தில் அதே நகரத்தில் மதக் கலவரம். ஜனங்களின் நம்பிக்கை அதற்குள் மாறிவிடவில்லை.

இதனால் மதம் சும்மா சாக்குதான் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடம், கல்யாணம், கல்லறை வரை ஆட்களைத் தலைமுறை தலைமுறையாக இரண்டாகப் பிரித்து வைத்தது அதுதான். அந்தப் பிரிவு தயாராக இருந்ததால்தான் வீட்டுச் சண்டை இத்தனை சீக்கிரம் துப்பாக்கிச் சண்டையானது. மேடையில் வெறுப்பை வளர்த்த போதகர்களும் உண்டு. ஆனால் பாம்பே தெருவை ஒட்டிய கிளோனார்ட் மடத்துப் பாதிரியார் அலெக் ரீட்தான் அமைதிக்கான ரகசியப் பேச்சுவார்த்தைகளுக்கு வழி செய்தவர். பிரிட்டனிடமிருந்து பிரிந்து அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பு 2005-இல் ஆயுதங்களைக் கைவிட்டபோது அவரும் மெதடிஸ்ட் போதகர் ஹரால்ட் குட்டும் சேர்ந்து சாட்சியாக நின்றார்கள்.

லெபனானிலோ போஸ்னியாவிலோ இருந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? அங்கே வீடு, ஓட்டு, வேலை எல்லாம் எப்படிப் பங்கு போடப்பட்டன என்று எழுதுங்கள்.