புதுப்பிப்பு: தம்பியின் போட்டோகிராபி படிப்பு

பிளஸ் டூ முடித்த தம்பியை போட்டோகிராபியில் எந்தப் பட்டப்படிப்பில் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) இருப்பது முதுகலை, அதைப் பிறகு பார்க்கலாம். ஹைதராபாத்தில் போட்டோகிராபிக்கே பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) உண்டு, அவ்வளவு தூரம் அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் விஸ்காம் டிசைனுக்கு (காட்சித் தொடர்பு வடிவமைப்பு) விண்ணப்பித்துவிட்டோம். போட்டோகிராபி அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் வரையப் பழகியவனுக்கு ஃபிரேம் தானாகப் பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சிக்கும் அந்த ஊர்ப்பக்கம் குறைவே இல்லை. தாராசுரம் கோயிலில் காலைச் சாய்வெயில் பட்டால்தான் சிற்பத்தின் ஆழம் படத்தில் வரும். சுவாமிமலைப் பஞ்சலோகச் சிலையோ பளபளப்பால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். அதனால் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி ஒளியை மென்மையாக்க வேண்டும்.

இப்போதைக்கு 50 எம்.எம். லென்ஸ் ஒன்று போதும். கும்பகோணம் கல்லூரியில் படித்தவர்கள் இருந்தால் விடுதி பற்றிச் சொல்லுங்கள்.