கொட்டிலில் கிடந்த பி.எஸ்.ஏ: எம் 20 என்று நம்பியதும் அளந்து பார்த்ததும்

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் அம்மப்பாவின் வளவில், பழைய வலைகளுக்கும் வெற்று நெல் மூட்டைகளுக்கும் நடுவே நின்ற மோட்டார் சைக்கிளை வீட்டில் எல்லோரும் "ஆமிக்காரன்ட ஐந்நூறு" என்றே சொல்வார்கள்; ஐந்நூறு சீ.சீ. எஞ்சின் என்ற நம்பிக்கை. 1978 நவம்பர் சூறாவளியில் கொட்டிலின் கூரை அதன்மேல் விழுந்து முன்விளக்கை நசுக்கியதாம். அதன்பின் அதை யாரும் கிக் பண்ணிப் பார்க்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் அது என் பொறுப்புக்கு வந்தது. முதல் நாளே பெற்றோல் தாங்கியைத் தேய்த்துப் பளபளப்பாக்க அரத்தாளை எடுத்தவன் நான். காத்தான்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதைப் பார்த்துவிட்டு, "மனே, நம்பர் இருக்கிற இடத்தில மட்டும் அந்தத் தாளக் கொண்டு போயிராத" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

பெயின்ற்றையும் தாங்கியில் ஒட்டியிருக்கும் பெயரையும் வைத்து இத்தகைய வண்டியை அடையாளம் காண முடியாது, ஏனெனில் எழுபது எண்பது ஆண்டுகளில் அவை எத்தனை கை மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெயின்ற் நீக்கியைத் தூரிகையால் பூசி, மரக்குச்சியால் மெல்லச் சுரண்டியபோது, மேலே கறுப்பு, அதன்கீழ் சிவப்பு, அதற்கும் கீழே காக்கிப் பச்சை என்று படை படையாகக் கழன்று, சட்டத்தின் தலைப்பகுதியில் டபிள்யூ.எம். 20 என்ற எழுத்துகள் தெரிந்தன. முன்னால் வரும் அந்த டபிள்யூ, போர்க்காலத் தயாரிப்பைக் குறிப்பது. பர்மிங்ஹாமின் ஸ்மோல் ஹீத்திலிருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை இரண்டாம் உலகப் போருக்காக ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எம் 20 வண்டிகளைச் செய்து கொடுத்தது. திருகோணமலையில் பிரித்தானியப் படைகள் குவிந்திருந்த காலத்தை நினைத்தால், அவற்றில் ஒன்று எங்கள் பக்கம் ஒதுங்கியதில் வியப்பில்லை.

சிக்கல் எஞ்சினில் இருந்தது. சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸின் (எஞ்சினின் அடிப்பெட்டியின்) இடப்பக்கத்தில் இருக்க வேண்டிய எஞ்சின் நம்பரை, வாவிக்காற்றின் உப்பு வெண்பூவாக அரித்துத் தின்றிருந்தது. கடைசி மூன்று இலக்கங்களை மட்டுமே வாசிக்க முடிந்தது. பதிவுப் புத்தகம் 496 சீ.சீ., அதாவது எம் 20 எஞ்சின், என்றது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சைட் வால்வு எஞ்சின் என்பதால் ஹெட் வெறும் மூடிதான். அதைக் கழற்றுவது பெரிய வேலையல்ல. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஒரு முறையும் அடியில் நிற்கும்போது மறுமுறையும் ஆழமானியால் அளந்து கழித்தால் பிஸ்டன் ஓடும் தூரம் கிடைத்துவிடும். எம் 20 என்றால் அது 94 மில்லிமீற்றர் வர வேண்டும். எனக்கு 112 வந்தது. நம்பாமல் காக்காவைக் கூப்பிட்டு மறுபடி அளந்தேன்; அவருக்கும் 112தான். சிலிண்டர்த் துவாரத்தின் விட்டம் இரண்டு மாதிரிகளுக்கும் 82 மில்லிமீற்றர் என்பதால், அது 591 சீ.சீ. உள்ள எம் 21 எஞ்சின் என்பது உறுதியாயிற்று. பழகாத கண்ணுக்கு வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஐந்நூறு என்று மூன்று தலைமுறை சொல்லி வந்தது அறுநூறாய் முடிந்தது.

இதைக் கேட்ட ஒரு மெக்கானிக், அரித்த இடத்தை அரைத்துவிட்டுப் புத்தகத்துக்குப் பொருந்துகிற மாதிரி புதிய எண் குத்தித் தருவதாகச் சொன்னார். பலர் செய்கிற காரியம்தான், ஆனால் அது பொய். மாறிய எஞ்சினை மாறியது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரிவித்துப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்வதே ஒழுங்கு; அலைச்சல் அதிகம் என்பதை மறைக்கவில்லை.

ஸ்பானர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதன் நட்டுகள் மில்லிமீற்றர் அளவில் இல்லை, விட்வர்த் என்ற பழைய பிரித்தானிய அளவில் இருப்பவை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று கையில் கிடைத்ததை மாட்டித் திருகினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். நான் இரண்டை அப்படிக் கெடுத்தேன். கடைசியில் மூடிக் கிடந்த ஒரு நெல் ஆலையில், ஆங்கிலேயர் கால எஞ்சினோடு வந்த ஸ்பானர் கட்டு கிடைத்தது. அது கச்சிதமாய்ப் பொருந்தியது.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் உறுப்பினர்:

என்னுடையதும் எம் 20தான், எஞ்சின் மாறாதது. ஆனால் 2004 சுனாமியில் ஒரு பகலும் ஓர் இரவும் உப்புநீரில் கிடந்தது. நல்ல நீரால் கழுவி, பிளக் துவாரத்தில் டீசல் ஊற்றி வைத்ததால் சிலிண்டர் தப்பியது; காபரேட்டர் தப்பவில்லை, அதன் துத்தநாகக் கலவை உடல் விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது, பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் மக்னீற்றோ. காலையில் இரண்டாவது கிக்கிலேயே எடுக்கும் வண்டி, பொத்துவில் வீதியில் திருக்கோவிலைத் தாண்டுவதற்குள் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் மரநிழலில் விட்டால் மறுபடி எடுக்கும். பெற்றோல் அடைப்பு என்று நினைத்து காபரேட்டரை நான்கு முறை கழற்றிப் பூட்டினேன். ஒரு நாள் நின்ற கையோடு பிளக்கைக் கழற்றி, அதன் உடலை ஹெட்டில் தொட வைத்து, மச்சானைக் கிக் பண்ணச் சொன்னேன். பொறி வரவேயில்லை. வீட்டுக்கு வந்து ஆறியபின் அதே சோதனையில் நீலப்பொறி பளிச்சென்று வந்தது. மக்னீற்றோவுக்குள் இருக்கும் பழைய கொண்டென்சர் (மின்தேக்கி) சூடேறும்போது மின்சாரம் கசிய ஆரம்பிப்பதுதான் காரணம். புதிய வகைக் கொண்டென்சர் போட்டபின் பொத்துவில் வரை நிற்காமல் போய் வந்தேன். ஆகவே சூட்டில் நின்று குளிரில் எடுக்கும் வண்டியானால், காபரேட்டரைத் தொடுவதற்குமுன் பொறியைப் பாருங்கள்.

கல்லடி நண்பரிடம் ஒரு கேள்வி. வண்டி ஒரு மாதம் நின்றால் எண்ணெய்த் தாங்கி காலியாகிவிடுகிறது, நிலத்திலோ ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது?

மீண்டும் கல்லடியிலிருந்து:

உங்கள் எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. வண்டி நிற்கும்போது தாங்கியிலுள்ள எண்ணெய் பம்ப் வழியாக மெதுவாகக் கசிந்து கிராங்க் கேஸின் அடியில் சேரும். அப்படியே கிக் பண்ணினால் புகை முகத்தில் அடிப்பதோடு, சீல்கள் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். அடித்தட்டைத் திறந்து வடித்து, அதைத் தாங்கியில் ஊற்றிவிட்டுத்தான் நான் எடுப்பேன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே குழாயிலிருந்து, எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் துப்புகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். எனக்கு ஒருமுறை துப்பவில்லை. உடனே நிறுத்தி, அடியில் உறிஞ்சு குழாயில் வால்வாக இருக்கும் சிறு உருண்டைக் குண்டை மெல்லிய கம்பியால் தட்டிவிட்டேன். பழைய எண்ணெய்ப் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்த குண்டு அசைந்தது. போன ஞாயிறு வடித்தபோது என் பால்மாப் பேணியில் முக்கால்வாசி நிறைந்தது. உங்கள் வண்டியில் எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதுங்கள்.