ஜெர்சி சிட்டியில் ஈரானிய, கொரியப் படங்கள் தியேட்டரில் கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறை: ஜனவரியில் அக்கா வீட்டுக்கு ஜெர்சி சிட்டி போகிறேன். திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் விட்டுப்போன படங்களை அங்கே எப்படித் தேடுவது? டிக்கெட் செயலியில் ஹாலிவுட்டும் தெலுங்கும்தான் வருகிறது.

வேலந்தாவளம்: தம்பி, தியேட்டரை விட்டுட்டு விநியோகஸ்தரைத் தேடுங்க. நியான், கினோ லார்பர், ஜானஸ், சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ். படம் எந்த ஊர், எந்தத் தியேட்டர், என்னிக்கு என்பது பெரும்பாலும் அவங்க தளத்திலேயே இருக்கும். இந்த மாதிரிப் படம் முதலில் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஓரிரு திரையில் வெள்ளிக்கிழமை வரும். வசூலைப் பார்த்துத்தான் மற்ற ஊர். ஜனவரி நல்ல மாதம். ஆஸ்கரைக் குறிவைத்து ஆண்டுக் கடைசியில் வந்தவை அப்போதுதான் பரவும்.

நகரி: ஜெர்சி சிட்டின்னா கவலையே வேண்டாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்தான். அங்கே போகிற பாத் (PATH) ரயிலில் நயன்த் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் ஐஎஃப்சி சென்டர் தியேட்டர் நடக்கிற தூரம். கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஃபிலிம் ஃபோரம் தியேட்டரும் அப்படியே. அடுத்த வாரம் பார்க்கலாம்னு மட்டும் தள்ளாதீங்க. இரண்டாம் வாரம் ஒரே ஒரு பகல் காட்சியாகச் சுருங்கும், இல்லை தூக்கிடுவாங்க.

கொழிஞ்சாம்பாறை: மலையாளப் படமும் அங்கேதானா?

நகரி: இல்லைங்க. புதுசா வருவது பெரும்பாலும் ஏஎம்சி, ரீகல், சினிமார்க் மாதிரி மல்டிபிளெக்ஸில்தான்.