நோர்வேயில் வாடகை வீட்டு விறகடுப்பு: கண்ணாடி கறுப்பதும் அறைக்குள் புகை வருவதும் ஏன்?

கேள்வி:
வணக்கம். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பழைய மரவீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். ஹோலில் வார்ப்பிரும்பு விறகடுப்பு இருக்கிறது. மின்சாரச் செலவு தாங்காமல் அதை எரிக்கத் தொடங்கினோம். அடுப்புக் கதவின் கண்ணாடி இரண்டு நாளில் கறுத்துவிடுகிறது. மூட்டும்போது அறைக்குள் புகை வருகிறது. இரவில் சூடு நிற்கட்டும் என்று விறகை நிரப்பி, காற்றை மூடிவிட்டுப் படுக்கிறோம். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. எங்கே பிழை விடுகிறோம், அண்ணாமார், அக்காமார்?

பதில் 1:
தம்பி, அந்த இரவு வேலையை இன்றைக்கே நிறுத்துங்கோ. காற்றை மூடினால் விறகு எரியாது, புழுங்கும். புழுங்கும் விறகிலிருந்து கிளம்பும் வாயு எரிய வழியில்லாமல் மேலே போய், குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தாராகப் படியும். பிறகொரு நாள் நன்றாக எரிக்கும்போது அந்தத் தார் பற்றிக்கொள்ளும். கார்பன் மொனொக்சைட்டும் புழுங்கும் நெருப்பில்தான் அதிகம் வரும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. கூரையில் இருக்கிற புகை அலாரம் அதைக் காட்டாது. அதற்கென்று தனி அலாரம் வாங்கி வையுங்கோ.

ஊர் அடுப்பில் நெருப்பைக் குறைக்கக் கொள்ளியை வெளியே இழுப்போம். இங்கேயும் அந்தக் கணக்குத்தான். சூடு குறைய வேண்டுமென்றால் விறகைக் குறையுங்கோ, காற்றை மூடி அடக்காதேங்கோ. நன்றாகக் காய்ந்த 1 கிலோ விறகில் ஏறக்குறைய 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. நல்ல அடுப்பு அதில் முக்கால்வாசியை அறைக்குத் தரும். ஆகவே மணிக்கு ஒன்றரைக் கிலோ எரித்தாலே, 1.5 கிலோவாட் ஹீற்றர் மூன்று போட்ட மாதிரி. அதற்கு மேல் நிரப்பத் தேவையில்லை.

மூட்டும் முறையையும் மாற்றுங்கோ. அடியில் சிராயை வைத்து மேலே கட்டையை அடுக்குகிற பழக்கம் இங்கே சரிவராது. இரண்டு பெரிய கட்டைகளை அடியில் 3, 4 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கோ. அதன் மேல் பெருவிரல் தடிப்புச் சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று, நாலு அடுக்கு. உச்சியில் பற்றவைக்கிற கட்டி ஒன்று, அல்லது காய்ந்த பேர்ச் மரப்பட்டை. எல்லாக் காற்றுத் திறப்புகளையும் முழுதாகத் திறந்து, மேலிருந்து கொளுத்துங்கோ. அடுப்புக் கதவை ஒரு விரல் அளவு திறந்து ஐந்து, பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கோ. கீழே இருக்கும் கட்டை மெல்லச் சூடாகி விடுகிற வாயு மேலே இருக்கும் சுவாலைக்குள் போய் எரிந்துவிடும். புகைபோக்கியும் விரைவில் சூடாகி இழுக்கத் தொடங்கும். சுவாலை பிடித்த பிறகு கதவை மூடி, கீழ்க்காற்றைக் குறைக்கலாம். கண்ணாடிக்கு மேலே இருந்து வரும் காற்று திறந்தே இருக்கட்டும். கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருப்பதும், வாயுவை எரிப்பதும் அதுதான். 1998 முதல் இங்கே விற்கிற புதிய அடுப்புகளில் இந்த இரண்டாவது காற்று கட்டாயம் இருக்கும். அதற்கு முந்திய அடுப்பில் பெரும்பாலும் இராது. அப்படியானால் கீழ்க்காற்றை ஒரு நாளும் இறுக்கி மூடாதேங்கோ.

அடுத்த விறகு, சுவாலை அடங்கித் தணல் இருக்கும்போது. ஒன்றோ இரண்டோ கட்டை. போட்டதும் காற்றை மறுபடி கூட்டுங்கோ, கட்டை முழுக்கப் பற்றும்வரை. மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் அடுப்புக்குள் ஊற்றவே வேண்டாம். வர்ணம் பூசிய பலகை, பால் பெட்டி, பரிசுப் பொதி சுற்றிய தாள் எதையும் போடாதேங்கோ.

இத்தனையும் செய்தும் கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம். ஈரமானி ஒன்று வாங்கி, கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கோ. 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேணும். வெளித்தோலில் குத்தினால் பொய் சொல்லும். சாக்கில் வாங்குவதானால், 40 லீற்றர், 60 லீற்றர் என்று கன அளவில்தான் விற்பார்கள். அதே சாக்கில் ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்) விறகைவிடப் பேர்ச் விறகு பாரம் கூட, ஆகவே வெப்பமும் கூட. மூட்டுவதற்கு ஸ்புரூஸ், நின்று எரிவதற்குப் பேர்ச்.

பதில் 2:
தம்பி, அறைக்குள் புகை வருவதற்கு நீங்கள் குசினியையும் பார்க்க வேணும். மீன் பொரிக்க, தாளிக்க என்று அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறியை முழு வேகத்தில் போடுகிறோம். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். யன்னல் எல்லாம் இறுக்கமாக இருந்தால் அந்தக் காற்றுக்குப் பதில் காற்று புகைபோக்கி வழியாகத்தான் கீழே இறங்கும், புகையோடு. விறகடுப்பு மூட்டும்போது விசிறியை நிறுத்துங்கோ. யன்னலை இரண்டு விரல் அளவு திறவுங்கோ. சுவரில் இருக்கும் காற்றுத் துவாரங்களைக் குளிருக்குத் துணி வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கோ. எங்கட வீடுகளில் இது நிறைய நடக்கிறது.

பிள்ளைக்கு: அடுப்பைச் சுற்றிச் சுவரில் பூட்டுகிற கம்பித் தடுப்பு வாங்குங்கோ. கண்ணாடி தொட்ட நொடியில் தோலை எடுத்துவிடும். சுட்டுவிட்டால் 20 பாகைத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேணும், ஐஸ் வைக்கக் கூடாது. பிள்ளை என்றால் அம்புலன்ஸ் இலக்கம் 113-க்கு அடிக்கத் தயங்காதேங்கோ. உடுப்புக் காயப்போடும் கம்பியை அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா, அண்ணா. சாம்பலை எப்படி எடுப்பது? புகைபோக்கியை யார் பார்ப்பார்கள்?

பதில் 1:
சாம்பலை முழுக்க வழிக்க வேண்டாம், இரண்டு செ.மீ. விட்டால் அடுத்த நெருப்பு நன்றாகப் பிடிக்கும். எடுத்ததை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வெளியே, சுவரிலிருந்தும் மரப் படியிலிருந்தும் தள்ளி வையுங்கோ. உள்ளே தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிளாஸ்ரிக் பை, கடதாசிப் பெட்டி, தூசு உறிஞ்சும் மெசின் மூன்றும் வேண்டாம்.

புகைபோக்கியைத் துப்புரவாக்குவதும் பரிசோதிப்பதும் கொமூனின் (உள்ளூராட்சி சபையின்) ஆட்கள். ஆனால் அடுப்பும் புகைபோக்கியும் ஒழுங்காக இருப்பதற்குப் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரர். கடைசியாக எப்போது துப்புரவாக்கியது, குறை ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கோ. தீயணைப்பு உருளை அல்லது தீயணைக்கும் தண்ணீர்க் குழாயும், மாடிக்கு மாடி புகை அலாரமும் சட்டப்படி இருக்க வேணும். பொடி உருளை என்றால் குறைந்தது 6 கிலோ. கதவின் இறுக்கத்தை நீங்களே பார்க்கலாம்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுங்கோ. இலேசாக வந்தால் கதவைச் சுற்றியுள்ள கயிறு தேய்ந்துவிட்டது, மாற்றச் சொல்லுங்கோ.

புகைபோக்கிக்குள் இரைச்சல் கேட்டால், உச்சியில் தீப்பொறி பறந்தால், உள்ளே பற்றிவிட்டது. இப்போது மட்டும் அடுப்புக் கதவையும் காற்றையும் முழுக்க மூடுங்கோ. தண்ணீர் ஊற்றாதேங்கோ, ஆவி புகைபோக்கியை வெடிக்கவைக்கும். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், தீயணைப்புப் படை இலக்கம் 110-க்கு அடியுங்கோ. நெருப்பு தானாக அடங்கினாலும், கொமூன் ஆள் வந்து பார்த்துச் சரி சொல்லும்வரை அந்த அடுப்பைத் திரும்ப மூட்டக் கூடாது.