வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர்களே, உங்களுக்கு எப்படிப் போனது?

புள்ளியியல் ஆள்

நானே ஆரம்பிக்கிறேன். மூன்று நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்த ஒரு மருத்துவ ஆய்வில் தரவை அலசும் வேலை என்னுடையது. ஆனால் அலசுவதற்குத் தரவு வந்தால்தானே! மாதக்கணக்கில் ஒப்பந்த வரைவுகள் மட்டும்தான் வந்து போய்க்கொண்டிருந்தன. ஒரு ஆய்வகம் ஐரோப்பாவில். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நோயாளிகளின் தகவல் ஐரோப்பிய ஒன்றியத்தைத் தாண்டிப் போக வேண்டுமானால் அதற்குத் தனியாகச் சட்ட ஏற்பாடு வேண்டும். பெயரை எடுத்துவிட்டு எண் போட்டால் போதாதா என்று கேட்டோம். அந்த எண் யாருடையது என்ற பட்டியல் கையில் இருக்கும்வரை அதுவும் தனிநபர் தகவல்தான் என்றார்கள்.

கடைசியில் தரவு நகரவில்லை, நிரல்தான் நகர்ந்தது. ஒவ்வொரு ஆய்வகமும் அதே நிரலைத் தன் கணினியில் ஓட்டித் தொகுப்பு முடிவை மட்டும் அனுப்பியது. இரண்டு இடங்களில் நோயாளிகளின் ரத்த குளுக்கோஸ் ஒப்பீட்டுக் குழுவைவிடப் பளிச்சென்று குறைவு. மூன்றாவது இடத்தில் வித்தியாசமே இல்லை. கொஞ்ச நாள் ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டோம். தோண்டிப் பார்த்தபோது, அந்த இரண்டு இடங்களிலும் நோயாளிகளின் ரத்தம் தொலைவிலுள்ள கிளினிக்குகளிலிருந்து வந்திருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆய்வகத்திலேயே எடுத்திருக்கிறார்கள். செல்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். மூன்றாவது ஆய்வகம் எல்லா மாதிரியையும் ஐஸில் வைத்து, உடனே சுழற்றிப் பிரித்திருந்தது. ஆக, நாங்கள் பார்த்தது நோயை அல்ல, பயண நேரத்தை.

ஒரே இடத்தில் செய்திருந்தால் அது ஒரு அழகான கட்டுரையாக வெளியாகியிருக்கும்! ஒப்பந்தத்தில் போன மாதங்களுக்காக இப்போது நான் வருத்தப்படுவதில்லை.

ரேடியோ அலை

இப்படித் தனித்தனியாக அலசி ஒப்பிடுவதை வேண்டுமென்றே செய்தவர்கள் உண்டு. 2019 ஏப்ரலில் வெளியான எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்துக்காக நான்கு அணிகளைப் பிரித்து, ஒன்றோடொன்று பேசாமல் ஆளுக்கொரு படம் உருவாக்கச் சொன்னார்கள். நான்கிலும் வளையம் வந்த பிறகுதான் நம்பினார்கள். தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவு பெரிது என்பதால் வன்தட்டுகள் விமானத்தில் போயின. தென்துருவத் தொலைநோக்கியின் தட்டுகளுக்காக அங்கே குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தார்கள்.

என் சொந்தப் புலம்பல் சின்னது: மார்ச் மாதக் கூட்டங்கள். அமெரிக்கா கடிகாரத்தை மாற்றிச் சில வாரம் கழித்துத்தான் ஐரோப்பா மாற்றுகிறது. அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார்.

விதை சேகரிப்பவர்

நாங்கள் மாதிரி அனுப்பும் பக்கம். காடு மேடெல்லாம் அலைந்து தாவர மாதிரி சேகரிப்பது நாங்கள், மரபணு வரிசை எடுத்துக் கட்டுரை எழுதுவது அவர்கள். எங்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி. அதுவும் நிறுவனத்தின் பெயர் மட்டும்.

நகோயா நெறிமுறை 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு பேச்சின் தொனி மாறியது. மரபணு வளத்தைப் பயன்படுத்துவோர் அந்த நாட்டின் முன் அனுமதி பெற வேண்டும், பலனையும் பகிர வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த திட்டத்தின் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்திலேயே, எங்கள் மாணவி ஒருவர் அங்கே போய் வரிசையாக்கம் கற்க வேண்டும், மூலத் தரவின் நகல் எங்களிடமும் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டோம். அவர்கள் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், அப்புறம் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மாணவிதான் இப்போது எங்கள் ஆய்வகத்தில் அலசல் முழுவதையும் பார்க்கிறார். மாதிரி இப்போது வெளியே போவதே குறைவு.

ஆனால் இதே விதி எங்களையும் கடிக்கிறது. பக்கத்து நாட்டிலிருந்து ஒரு இலை வாங்குவதற்கும் அனுமதிக்காகப் பல மாதம். முனைவர் பட்ட மாணவருக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது.

வாசகர்

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்ற ஆசிரியர் வரிசைச் சண்டையை யாரும் தொடவில்லையே? 2015இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் அவர்கள் பெயரும் நிறுவனமும்தான். அங்கே அகரவரிசை என்பதால் சண்டை இல்லை. ஆறு பேர் எழுதும் கட்டுரையில்தான் நட்பு முறிகிறது.

புள்ளியியல் ஆள்

எங்கள் குழுவில் முதல் கூட்டத்திலேயே வரிசையை எழுதி வைத்துவிட்டோம், வேலை மாறினால் வரிசையும் மாறும் என்ற குறிப்போடு. இரண்டு முறை மாறியது. ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.